கல்லில் வரைந்த இரவு, கல்லில் வரைந்த லட்சுமி

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு படம் கண்ணில் படும். மளிகைக் கடையில் லட்சுமி, அடுத்த கடையில் மாதா, அதற்கும் அடுத்ததில் மெக்கா. கடை திறந்ததும் முதல் ஊதுபத்தி அங்கேதான் ஏறும். யாரும் அதை ஓவியம் என்று நினைப்பதில்லை. சாமி படம், அவ்வளவுதான். ஆனால் அந்த லட்சுமியின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போனால் அது தஞ்சாவூரோடு நிற்காது, திருவனந்தபுரத்தோடும் நிற்காது. ஜெர்மனியில் பவேரியா நாட்டுப்புறத்தில் இருக்கும் ஒரு கல்குவாரி வரைக்கும் போகும்.

அந்தக் கல்லை வைத்து ஜெர்மனியில் வளர்ந்த அதே தொழிலில்தான், 1919-ல், மாக்ஸ் பெக்மன் என்ற ஓவியர் தன் நாட்டு நகரத்து இரவை அச்சிட்டார். நெருக்கியடித்து ஆடும் ஜோடிகள், மேலே வாத்தியக்காரர்கள், யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை. அந்தத் தாளுக்கும் நம் கடை லட்சுமிக்கும் பார்வைக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் இரண்டும் ஒரே தொழிலின் பிள்ளைகள். ஒன்றை ஊரே வீட்டுக்குள் அழைத்து விளக்கேற்றி வைத்தது. மற்றொன்றைப் பெற்ற நாடே தெருவுக்கு இழுத்துப் போட்டது. இரண்டின் பயணத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கல்லச்சுப் படம் என்றால் என்ன பொருள் என்பது நமக்குப் பிடிபடும்.

முதலில் கல். முனிக் நகரில் இருந்த அலோய்ஸ் செனெஃபெல்டர் ஒரு நாடக ஆசிரியர். தன் நாடகங்களை அச்சுப்போடக் கையில் காசில்லை. செப்புத் தகடு வாங்க முடியாதவர், பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் முயன்று பார்த்தார். சலவைக்குப் போட்ட துணிகளின் கணக்கை அவசரத்தில் ஒரு கல்லின்மேல் எழுதிவைத்ததிலிருந்து யோசனை பிறந்தது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். 1796-ல் தொடங்கிய முயற்சி, இரண்டு ஆண்டுகளில் முழு உருப்பெற்றது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்கிற, அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அதன் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த கல்லில் கொழுப்பு கலந்த பென்சிலால் வரைகிறார்கள். மேலே வேலம்பிசின் கரைசலையும் துளி அமிலத்தையும் பூசுகிறார்கள். பிறகு கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், கோடு விழுந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், வெறும் இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையைத் தள்ளிவிடும். தாளை வைத்து அழுத்தினால் படம். செதுக்கல் கிடையாது, பள்ளம் கிடையாது. ஓவியரின் கை எப்படி நடுங்கியதோ அப்படியே தாளில் விழும்.

இதற்கு எல்லாக் கல்லும் ஆகாது. பவேரியாவில் ஸோல்ன்ஹோஃபன் என்ற ஊரைச் சுற்றிக் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்தான் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அமைதியான உப்பேரியின் அடியில் படிந்த சேறு அது. அத்தனை மென்மையான படிவு என்பதால் தும்பியின் இறகுகூட அதில் பதிந்து கிடைக்கிறது. பறவைகளின் ஆதி உறவு என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கியோப்டெரிக்ஸின் சிறகும் 1861-ல் அங்கேதான் அகப்பட்டது. ஹெர்மன் ஃபான் மேயர் அதற்கு வைத்த முழுப்பெயர் ஆர்க்கியோப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா. அச்சுக் கல்லுக்காக வெட்டிய குவாரியில் கிடைத்ததால் அந்தப் பறவை லித்தோகிராஃபி என்னும் கல்லச்சுத் தொழிலின் பெயரையே சுமந்துகொண்டிருக்கிறது.

கல்வெட்டு பார்த்து வளர்ந்த நமக்குக் கல்லில் ஏறியது அழியாது என்பது ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. லித்தோ கல் அதற்கு நேர் எதிர். வேண்டிய பிரதிகளை எடுத்து முடித்ததும், மணலும் தண்ணீரும் போட்டு, இன்னொரு கல்லை மேலே வைத்து வட்டமாகத் தேய்ப்பார்கள். படம் போய்விடும். கல் அடுத்த வேலைக்குத் தயார். நேற்று மகாலட்சுமி இருந்த இடத்தில் இன்று சோப்பு விளம்பரம் ஏறும். ஆக, கல்லச்சுப் படத்துக்கு மூலம் என்று ஒன்று மிஞ்சுவது அபூர்வம். ஊர் ஊராகப் பிரிந்துபோன தாள்கள்தான் அதன் உடம்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் பக்கத்துக் கதையில் முதலில் வருபவர் ஒரு திவான். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த தி. மாதவராவ் 1884-ல் ஓவியர் ரவி வர்மாவுக்கு ஓர் ஆலோசனை எழுதினார். உங்கள் படங்களுக்கு இருக்கும் கிராக்கியை ஒரு கை வரைந்து தீர்க்க முடியாது, சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப்பதிப்பு எடுத்துவிடுங்கள், புகழும் பெருகும், நாட்டுக்கும் நன்மை என்பது அதன் சாரம். பத்து ஆண்டு கழித்து ரவி வர்மா அதைவிடப் பெரிய காரியம் செய்தார். படங்களைக் கப்பலேற்றுவதற்குப் பதில் தொழிலையே இங்கே இறக்கினார். 1894-ல் பம்பாய் கிர்காமில் அச்சகம் எழுந்தது. எந்திரமும் தொழில் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு. பம்பாயில் பிளேக் பரவியபோது அச்சகம் நகரத்தை விட்டு நகர்ந்து, கடைசியில் லோனாவ்லா அருகே மளவ்லியில் போய் உட்கார்ந்தது. கடன் நெருக்கியதில், 20-ஆம் நூற்றாண்டு தொடங்கிய கையோடு, அங்கே வேலை பார்த்த ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடமே அது கைமாறியது. ரவி வர்மா 1906-ல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய படங்கள் அதற்குப் பிறகும் பல்லாண்டு காலம் அந்த அச்சகத்திலிருந்து வந்துகொண்டே இருந்தன. அந்தப் படங்களில் உள்ள நிறத்துக்கும் நேர்த்திக்கும் ஒரு ஜெர்மானியர் பொறுப்பு என்பதை நாம் பெரும்பாலும் மறந்தே போனோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய மார்க்கெட்டை ஒட்டிக் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் பரப்பியிருந்த நேரம். சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் சாமான் குவியல்களைத் தாண்டி ஒருவர் பழைய சாமான்களை விரித்திருந்தார். பித்தளைக் குத்துவிளக்கு, ஓடாத சுவர்க் கடிகாரம், நாலைந்து சட்டம் போட்ட படங்கள். அதில் ஒன்று லட்சுமி. தாமரையில் நிற்கிறாள், பக்கத்தில் தும்பிக்கையில் மாலையோடு யானை. குனிந்து எடுத்தேன்.

"பிரேம் தேக்கு சார். கண்ணாடியும் பழசு, குமிழி ஓடும் பாருங்க. வேணும்னா படத்த உருவிட்டுத் தரேன், நீங்க முகக் கண்ணாடி போட்டுக்கலாம்" என்றார்.

"படத்த என்னங்க பண்ணுவீங்க?"

"அது பேப்பர்தானே சார்? அதுக்கு யாரு காசு குடுக்கறாங்க?"

பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். இப்போது அடிக்கும் ஆஃப்செட் படமாக இருந்தால் நாலு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூவாக, ஒரே சீரான வரிசையில் தெரியும். இதில் அப்படி இல்லை. லட்சுமியின் கன்னத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் கையால் வைத்த மாதிரி, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கிடந்தன. அவற்றினூடே வெளிர் மஞ்சள், அதன்மேல் கல்லின் சொரசொரப்பு தெரியும் பழுப்பு. புடவைக் கரையில் சிவப்பு, தன் கோட்டை விட்டு ஒரு மயிரிழை வெளியே நகர்ந்திருந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல். இப்படி ஒரு படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கல், சிலவற்றுக்கு அதற்கும் மேலே. ஒவ்வொரு கல்லின் மேலும் தாளை அதே இடத்தில், இம்மி பிசகாமல் வைத்து எடுக்க வேண்டும். அந்தச் சிவப்புக் கல்லின்மேல் தாளை வைத்த தொழிலாளியின் கை அன்றைக்கு ஒரு மயிரிழை விலகியிருக்கிறது. நூறு ஆண்டு கழித்து அது புதுச்சேரியில் தெரிகிறது. கீழ் விளிம்பில் சட்டத்துக்குள் பாதி ஒளிந்தபடி, ரவி வர்மா பிரஸ், கார்லா, லோனாவ்லா என்ற ஆங்கில எழுத்து.

படத்தை உருவ வேண்டாம் என்று சொல்லி, அவர் கேட்ட விலையைச் சட்டத்துக்காகக் கொடுத்து வாங்கினேன். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வாங்க வருகிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதைத்தானே அவர் விற்க முடியும்?

அந்த லட்சுமி கல்லில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஜெர்மனியில் அதே தொழில் இன்னொரு வேலைக்குப் போயிருந்தது. பெர்லின் வேகமாக வீங்கிக்கொண்டிருந்த நகரம். மின்விளக்கு வந்ததும் இரவுக்கு ஒரு புது வாழ்க்கை பிறந்தது. காபரே, நடன விடுதி, காபிக் கடை, சினிமாக் கொட்டகை என்று விடிய விடிய ஆள் நடமாட்டம். அவற்றின் சுவரொட்டிகளும் கல்லச்சில்தான் வந்தன. ஓவியர்களுக்கும் கல் பிடித்துப்போனது. பென்சில் பிடிக்கத் தெரிந்தால் போதும், கண்ணால் கண்டதை உடனே பிரதியெடுக்கலாம். லெஸ்ஸர் ஊரி மழை நனைத்த வீதிகளையும் காபிக் கடைகளையும் வரைந்தார். கிர்ஷ்னர் நடனக்காரிகளையும் தெருவில் நடக்கும் பெண்களையும் கூர்கூரான கோடுகளில் பிடித்தார். ஆனால் என் மனத்தில் நிற்பது பெக்மன்தான்.

1914-ல் போர் வந்ததும் பெக்மன் மருத்துவ உதவியாளராகப் போர்முனைக்குப் போனார். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையில் குண்டு வீசியது, இங்கே எம்டன் என்ற சொல்லே பயத்தின் பெயரானது. பெக்மன் பார்த்தது அறுவைக் கூடங்கள், அறுத்தெடுத்த கைகால்கள். 1915-ல் மனம் உடைந்து திரும்பினார். ஃபிராங்க்ஃபர்ட்டில் போய்த் தங்கினார். அதற்குப் பின் அவர் கோடு மாறிவிட்டது. பழைய எண்ணெய் ஓவியங்களின் சாய்வும் மெருகும் போய், முறித்துப்போட்ட குச்சிகள் மாதிரிக் கோடு வந்தது.

1919-ல் நரகம் என்ற பெயரில் பெரிய பெரிய தாள்களாக ஒரு கல்லச்சுத் தொகுதியை உருவாக்கினார். வெளியிட்டவர் பெர்லின் கலை வணிகர் ஜே. பி. நாய்மன். 75 பிரதிகள். முகப்பில் ஓவியரின் சொந்த முகம், உள்ளே பத்துப் படங்கள். முதல் படத்தில் பெக்மன் வீட்டுக்குப் போகும் வழியில் தெருவிளக்கடியில் ஒரு போர்வீரனைச் சந்திக்கிறார். அவன் முகம் சிதைந்திருக்கிறது. அடுத்தடுத்த படங்களில் கால் இழந்தவர்கள் நடக்கும் தெரு, பசியோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்த குடும்பம், அந்த ஜனவரியில்தான் கொல்லப்பட்ட புரட்சியாளர் ரோசா லக்சம்பர்கின் கடைசி நேரம். இவற்றுக்கு நடுவே மாலேபார்ட்டஸ் என்ற நடன விடுதி. ஐரோப்பியக் கதைகளில் வரும் தந்திரக்கார நரியின் வளைக்கு அந்தப் பெயர். நரி வளையில் நகரம் நடனமாடுகிறது.

அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது நெருக்கத்தை. மூச்சுவிட இடமில்லை. ஆடுபவர்களின் முழங்கையும் தோளும் அடுத்தவர் மேல் குத்துகின்றன. உடைகள் உயர்ந்தவை, முகங்கள் களைத்தவை. கூடத்தின் தளம் நேராக இல்லை, சாய்ந்து நம் பக்கம் சரிகிறது. பெக்மன் அவர்களைத் திட்டவில்லை, ஏளனமும் செய்யவில்லை. பசியும் கொலையும் வரைந்த அதே பென்சிலால் இதையும் வரைந்து அவற்றுக்கு நடுவில் வைத்திருக்கிறார். அந்த வரிசைதான் அதன் பலம். இந்தப் படத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சட்டம் போட்டால் பாதி அர்த்தம் போய்விடும்.

தொழில்நுட்பத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் படங்களை அவர் நேரே கல்லில் வரையவில்லை. கொழுப்புப் பென்சிலால் தாளில் வரைந்து, அந்தத் தாளைக் கல்லின்மேல் அழுத்திக் கோட்டைக் கல்லுக்கு ஏற்றினார்கள். ஆகவே இடவலம் மாற்றி யோசிக்கும் சங்கடம் இல்லை. தெருவிலும் விடுதியிலும் பார்த்ததை அப்படியே தாளில் பிடிக்கலாம். அந்தப் படபடப்பு அச்சிலும் மிச்சமிருக்கிறது.

தொகுதி விலைபோகவில்லை. நரகத்தில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அதைக் காசு கொடுத்துச் சுவரில் மாட்டத் தயாராக இல்லை. யூதரான நாய்மன் 1923-ல் நியூயார்க் போய் அங்கே கடை திறந்தார். ஜெர்மன் படங்களை அமெரிக்காவில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். அவரைப் போன்றவர்கள் பெட்டியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுபோனவை பின்னால் எவ்வளவு பெரிய காரியமாயின என்பதைச் சொல்கிறேன்.

ஜெர்மன் நவீனப் படங்கள் இந்தியக் கரையிலும் இறங்கியிருக்கின்றன. 1922 டிசம்பரில், கல்கத்தாவில், கீழைக் கலைக்கான இந்தியச் சங்கத்தின் 14-ஆவது ஆண்டுக் கண்காட்சி. சாந்திநிகேதனில் தாகூர் அழைப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ், வைமர் நகரின் பௌஹௌஸ் பள்ளிக்கு எழுதிப் படங்களை வரவழைத்தார். நரகம் வெளியான அதே 1919-ல் தொடங்கிய பள்ளி அது. காண்டின்ஸ்கி, பால் க்ளே, ஃபைனிங்கர், இட்டன் ஆகியோரின் நீர்வண்ணங்களும் அச்சுப் படங்களும் சமவாய மாளிகைச் சுவரில் ஏறின. பக்கத்திலேயே ககனேந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ், சுனயனி தேவி. ஐரோப்பிய நவீனக் கலை வெள்ளைக்காரன் கல்லூரி வழியாக வராமல் நம்மவர் அழைப்பில் விருந்தாளியாக வந்தது. அந்த நிகழ்ச்சியைப் பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.

ககனேந்திரநாத்தைப் பற்றித் தனியாக நாலு வார்த்தை. ஜெர்மனியில் பெக்மன் செய்த வேலைக்கு இந்தியாவில் நெருங்கி வருகிற வேலையைச் செய்தவர் அவர்தான். 1917-லிருந்து விரூப வஜ்ரம், அத்புத லோகம், பிறகு 1921-ல் நவ ஹுல்லோட் என்று மூன்று கல்லச்சுத் தொகுதிகள் வெளியிட்டார். அச்சுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை, கல்கத்தா ஜோராசாங்கோவில் இருந்த வீட்டிலேயே கல்லச்சு எந்திரத்தை வைத்துக்கொண்டார். கல்கத்தா நகரத்தின் பகட்டு, இரட்டை வேடம், வெள்ளைக்காரன் உடுப்பில் திணறும் பாபு, மதுவும் மாமிசமும் ருசித்தபடி ஆசாரம் பேசும் குருமார் என்று யாரையும் விடவில்லை. கறுப்பு மையின் பெரிய பரப்புகளை வைத்து அவர் கட்டிய அந்தப் படங்களைப் பார்க்கையில், சென்னைக்கோ புதுச்சேரிக்கோ அப்படி ஒருவர் வாய்க்கவில்லையே என்கிற ஏக்கம் எனக்கு உண்டு. பாரதி 1908-லிருந்து பத்தாண்டு புதுச்சேரியில் இருந்தார். அவர் நடத்திய இந்தியா பத்திரிகை கேலிச்சித்திரத்துக்குப் பேர்போனது. அந்த வித்து இங்கே விழத்தான் செய்தது. ஆனால் நம் கல்லச்சு நகரத்தைப் பார்க்காமல் சாமி பக்கம் திரும்பியது.

திரும்பியதில் ஒரு நியாயமும் இருந்தது. கோயிலின் கருவறைக்கு அருகே போக அனுமதி இல்லாதவர்களின் குடிசைக்குள் சில அணாவுக்கு சாமி வந்தது கல்லச்சால்தான். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கராச்சியில் கடை வைத்திருந்த பிரிஜ்பாசி சகோதரர்கள், 1920-களின் பிற்பகுதியில், நாத்வாரா ஓவியர்களின் கிருஷ்ணர் படங்களை ஜெர்மனிக்கே அனுப்பி அச்சிட்டு வரவழைத்தார்கள். மாதவராவ் சொன்ன வழி அது. தெற்கே சிவகாசியில் 1923-ல் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ வேண்டும். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அங்கே லித்தோ பிரஸ்கள் வந்துவிட்டன. லேபிளில் தொடங்கிய கை, காலண்டருக்கு வளர்ந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணரிடம் இருந்து, நாடகத் திரை எழுதிப் பிழைத்து, கோவில்பட்டியில் நிலைத்த கொண்டையராஜு (1898-1976) இந்த மரபுக்குத் தமிழ் முகம் கொடுத்தார். ரவி வர்மாவின் லட்சுமி கொஞ்சம் மராட்டிய, மலையாளச் சாயலில் இருப்பாள். கொண்டையராஜுவின் கஜலட்சுமி நம் தெருவில் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த பெண். இன்று பெரிய மார்க்கெட் கல்லாப்பெட்டிகளுக்கு மேலே இருப்பவை பெரும்பாலும் அவரும் அவர் சீடர்களும் போட்ட பாதையில் வந்தவை. கல் போய் ஆஃப்செட் வந்து வெகுகாலம் ஆகிறது. அதிலும் ஜெர்மனி விடவில்லை. ஹைடல்பர்க் என்ற அச்சு எந்திரத்தின் பெயர் சிவகாசி அச்சகங்களில் குழந்தைக்கும் தெரியும்.

இனி ஜெர்மனியில் மிஞ்சிய கதை. 1937 ஜூலை 19-ஆம் தேதி முனிக்கில் சீரழிந்த கலை என்ற பெயரில் நாஜி அரசு ஒரு கண்காட்சி திறந்தது. அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த சுமார் 650 படைப்புகளைக் கோணல்மாணலாக மாட்டி, சுவரில் வசைமொழி எழுதி, மக்களை வந்து சிரிக்கச் சொன்னது. 20 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். பெக்மனின் படைப்புகளில் மட்டும் பறிமுதலானவை 500-க்கு மேல். கல்கத்தாச் சுவரில் விருந்தாளியாக இருந்த காண்டின்ஸ்கி, க்ளே, ஃபைனிங்கர் ஆகியோரின் படைப்புகளும் அந்தக் குற்றவாளிப் பட்டியலில். அதே நாளில் பெக்மன் ஆம்ஸ்டர்டாமுக்குப் புறப்பட்டார். பத்து ஆண்டு அங்கே, பிறகு அமெரிக்கா. 1950 டிசம்பரில் நியூயார்க்கில் இறந்தார். பிறந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

1939 மார்ச் 20-ஆம் தேதி பெர்லின் தீயணைப்பு நிலைய முற்றத்தில் ஏறத்தாழ 5,000 படைப்புகள் கொளுத்தப்பட்டதாக அந்தக் காலத்து ஆவணம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி தாளில் உள்ளவை: நீர்வண்ணம், கோட்டோவியம், அச்சுப் படம். எண்ணெய் ஓவியம் எரிந்தால் எரிந்ததுதான். ஆனால் அச்சுப் படம் விஷயத்தில் தீ முழுதாக வெல்லவில்லை. ஒரு நகரத்தில் எரித்தால் இன்னொரு நகரத்தில் அதன் உடன்பிறப்பு இருந்தது. விலைபோகாமல் கிடந்த நரகம் தொகுதி இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் முழுசாக இருக்கிறது. மாலேபார்ட்டஸில் அந்த ஜோடிகள் இன்னும் ஆடுகிறார்கள். பலவாகப் பிறந்ததால் அது பிழைத்தது. யாரோ சிலர், காசு தேறாது என்று தெரிந்தும், தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் பிழைத்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கதை முடிந்திருக்கும்.

நம் ஊரில் யாரும் சாமி படங்களை முற்றத்தில் போட்டுக் கொளுத்தவில்லை. ஆனாலும் அவை தீர்ந்துகொண்டிருக்கின்றன. மளவ்லியில் இருந்த ரவி வர்மா அச்சகம் 1972-ல் தீ விபத்தில் பெரும்பகுதி நாசமானது. புதுச்சேரியில் தீயே வேண்டாம். கடல் காற்றில் வரும் உப்பு ஈரம் தாளைப் பதம் பார்க்கும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் படத்தில் ஈரம் இறங்கினால் நிறம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் அடித்த பலகையிலிருந்து கரையானும் ராமபாணமும் உள்ளே வரும். இவை எல்லாவற்றுக்கும் தப்பிய படம், வீட்டை இடிக்கும்போது காயலான் கடைக்குப் போகிறது. அங்கே தேக்குச் சட்டத்துக்கு விலை உண்டு, குமிழி ஓடிய கண்ணாடிக்கு விலை உண்டு, தாளுக்கு இல்லை. நிறைய அடித்தார்களே, எங்காவது இருக்கும் என்ற நினைப்பு நம்மை ஏமாற்றுகிறது. எல்லா வீட்டிலும் அதே நினைப்பு இருந்தால் கடைசியில் எங்கும் இருக்காது. கல்லையும் தேய்த்தாயிற்று.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். வீட்டுப் பூஜையறையிலோ பரணிலோ பழைய சட்டம் போட்ட படம் இருந்தால் இந்த வாரமே இறக்கிப் பாருங்கள். கீழ் விளிம்பில் அச்சகத்தின் பெயர், ஊரின் பெயர், ஜெர்மனியில் அச்சிட்டது என்ற வரி ஏதாவது இருக்கிறதா என்று படியுங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளி சீராக இருக்கிறதா, கையால் வைத்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். லேமினேஷன் போடாதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்க முயலாதீர்கள், அப்படியே ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் நேரடியாகச் சாயாமல் சின்னத் தக்கை வைத்து மாட்டினால் ஈரம் குறையும். பாட்டி வீட்டில் எந்த அறையில் இருந்தது, யார் வாங்கியது என்று பெரியவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பின்புறம் செருகிவிடுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற, பழைய அச்சுப் பொருள்களைக் காப்பாற்றும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். சட்டம் விற்றே ஆக வேண்டும் என்றால் விற்றுக்கொள்ளுங்கள், தாளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.